எடுக்காமல் விட்ட சிவப்புப் புள்ளி

போன வருடம் மழைக்காலத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், இத்தாலியின் பலேர்மோ நகரில் நடந்தது இது.

நகரின் சீசா என்ற பகுதியில் என்னோடு ஒரே அறையில் இருந்த, நான் தம்பி என்று கூப்பிடும் பெடியனுக்கு இங்கே தங்குவதற்கான பெர்மெசோ பத்திரம் இல்லை. மன்னாரில் தாய் இறந்தபோது அவனால் போக முடியவில்லை. போனால் திரும்பி வர முடியாது. அதனால் முப்பத்தோராம் நாள் பூசையைப் பல்லரோ சந்தைக்குப் பக்கத்துக் கத்தோலிக்கக் கோவிலில் ஒப்புக்கொடுத்திருந்தான்.

எங்கள் பெடியள் சேர்ந்து ஒரு ஆப் செய்திருந்தார்கள். பொலிஸ் ஆட்களை மறித்துப் பத்திரம் பார்க்கும் இடத்தில், அதிலுள்ள வரைபடத்தில் சிவப்புப் புள்ளி வைத்தால் எல்லோருடைய போனிலும் தெரியும். அவர்கள் போனதும், வைத்தவர்தான் அதை எடுக்க வேண்டும். ஐந்தாம் வகுப்போடு நின்ற எனக்கு அந்தத் தம்பிதான் பழக்கினான். “இதிலை எழுத்துக் கூட்டத் தேவையில்லை அண்ணை, குத்தினால் காணும்” என்று சிரித்தான்.

அன்று கதிரை அடுக்க நான் முன்னதாகவே போனேன். கோவிலுக்கு முன்னால் இரண்டு பொலிசார் ஆட்களை மறித்துக்கொண்டிருந்தார்கள். உடனே புள்ளி வைத்தேன். வாசலில் வழக்கம்போல் போனை நிறுத்திவிட்டு உள்ளே போனேன்.

பூசை தொடங்கியும் அவன் வரவில்லை. பூசை வைத்த சுவாமி அவனுடைய அம்மாவின் பெயரை வாசித்தபோது எல்லோரும் வாசலைத் திரும்பிப் பார்த்தார்கள். முன்வரிசையில் அவனுக்கென்று நான் போட்ட கதிரை வெறுமையாக இருந்தது.

பூசை முடிந்து வெளியே வந்தபோது பொலிசார் இல்லை. பத்து நிமிடத்திலேயே போய்விட்டார்கள் என்றார் பக்கத்துக் கடைக்காரர். போனைப் போட்டுப் பார்த்தேன். புள்ளி அப்படியே இருந்தது.

அறையில் அவன் வெள்ளைச் சேட்டும் சப்பாத்துமாகக் கட்டிலில் இருந்தான். கையில் போன்.

“பொலிஸ் போயிட்டாங்களோ அண்ணை?”

யார் புள்ளி வைத்தது என்று அதில் தெரியாது. நான் சொல்லாமலே விட்டிருக்கலாம்.

“நான்தான் வைச்சனான் தம்பி. எடுக்க மறந்துபோனன். அவங்கள் அப்பவே போயிட்டாங்கள்.”

அவன் குனிந்து கனநேரம் சப்பாத்து நூலை அவிழ்த்துக்கொண்டிருந்தான்.

“அம்மான்ரை பேரை வடிவா வாசிச்சவரோ?”

“ஓம். வடிவா வாசிச்சவர்.”

அதற்குப் பிறகு நாங்கள் அதைப்பற்றிக் கதைக்கவில்லை.

இப்போதும் புள்ளி வைக்கிறேன். ஆனால் அவர்கள் போகும்வரை அங்கேயே நின்று, அதை எடுத்த பிறகுதான் நகர்கிறேன். அன்று அவன் என்னை ஒரு வார்த்தை ஏசியிருந்தாலாவது என் மனம் கொஞ்சம் ஆறியிருக்கும்.