உப்பு மீற்றரும் ஒற்றைக் கோட்டுச் சார்ஜும்

கிணற்றுத் தண்ணீரில் உப்பு எவ்வளவு என்று அளந்து திரிகிற தொழிலுக்குத் தண்ணீரைப் பற்றித் தெரிந்தால் மட்டும் போதாது. மீற்றருக்குள் இருக்கிற பற்றறியின் குணமும் தெரிந்திருக்க வேண்டும்.

மீற்றர் என்றால் பெரிய சாமான் ஒன்றும் இல்லை. கைக்குள் அடங்குகிற ஒரு பெட்டி. அதன் முனையை வாளித் தண்ணீருக்குள் விட்டால் உப்பின் அளவு இலக்கமாக ஏறி ஓரிடத்தில் நிற்கும். உள்ளே ஒரு லித்தியம் பற்றறி, போன் பற்றறிக்கு ஒன்றுவிட்ட சகோதரம். எங்கள் அலுவலகம் ஊர்காவற்றுறையில். என் சுற்று புங்குடுதீவு, நயினாதீவு, நெடுந்தீவு. வெயிலும் உப்புக்காற்றும் உள்ள ஊரில், சார்ஜ் ஏற்றுகிற சாமானோடு சீவியம் நடத்துகிற யாராவது இதை வாசித்தால், உங்களுக்கு நான் அதிகம் விளக்கத் தேவையில்லை. மற்றவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சீற்றுக்கு அடியில் அவிந்தது

மீற்றரை மோட்டார் சைக்கிள் சீற்றுக்கு அடியில் உள்ள பெட்டியில் வைத்துப் பூட்ட வேண்டும் என்பது எங்கள் பொறுப்பதிகாரியின் கட்டளை. அவரை நாங்கள் சேர் என்றுதான் கூப்பிடுவோம். களவு போய்விடும் என்று அவருக்குப் பயம். குறிகட்டுவானில் ஒரு நாள் ஊர்க்கூட்டம். மரம் இல்லாத வெளியில் மோட்டார் சைக்கிள் மத்தியானம் முழுக்க நின்றது. கூட்டம் முடிந்து பெட்டியைத் திறந்தால், தாச்சியில் இருந்து இறக்கின ரொட்டி மாதிரி மீற்றர் கையைச் சுட்டது.

சூட்டோடு சார்ஜ் ஏற்றக்கூடாது, ஆறட்டும் என்றேன். நாளைக்கு வேலை இருக்கிறது, உடனே பிளக்கில் போடும் என்றார் சேர். போட்டேன். கொஞ்ச நாளில் மீற்றரின் பின்மூடி தானாக எழும்பத் தொடங்கியது. உள்ளே பற்றறி வயிறு ஊதிக் கிடந்தது. இனிமேல் மீற்றரைத் துணிப்பையில் போட்டு, என்னோடு நிழலில் வைத்துக்கொள்கிறேன் என்று கேட்டேன். சேர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சொன்னார்: "பற்றறிக்குக் குடை பிடிக்கவோ பிள்ளை உம்மை வேலைக்கு எடுத்தனாங்கள்?"

வீங்கினதை எங்கே போடுவது

வீங்கின பற்றறியைக் குத்தக்கூடாது, எரிக்கக்கூடாது, குப்பையில் எறியக்கூடாது. சரி, பிறகு எங்கே போடுவது? விசாரித்த இடமெல்லாம் வேறோர் இடத்தைக் கையால் காட்டினார்கள். கடைசியில் ஒரு பழைய பெயின்ற் வாளிக்குள் காய்ந்த மணல் நிரப்பி, அதற்குள் புதைத்து, அலுவலகத்துக்கு வெளியே நிழலில் வைத்தேன்.

ஒரு நாள் பார்த்தால் மணல் வெளியே கொட்டிக் கிடந்தது, வாளியைக் காணவில்லை. களஞ்சியத்துக்குப் பொறுப்பான மகேந்திரண்ணை அதை எடுத்துக் கழுவிப் பூக்கன்று நட்டிருந்தார். பற்றறியை அலுவலகத்துக்குப் பின்னால் உள்ள கிணற்றுக்குள் போட்டுவிட்டாராம். பள்ளிக்கூடப் பிள்ளைகளைக் கூட்டிவந்து, கிணற்றைத் துப்புரவாக வைத்திருப்பது எப்படி என்று நாங்கள் பாடம் எடுக்கிற கிணறு அது. விழுந்த வாளி எடுக்கிற கொளுக்கியை இறக்கிப் பின்னேரம் வரை துழாவினேன். சேறும் ஒரு செருப்பும் வந்தன. மகேந்திரண்ணை கிணற்றுக்கட்டில் சாய்ந்துகொண்டு என்னை ஆறுதல்படுத்தினார்: "உப்புக் கிணறுதானே தங்கச்சி, அதுக்குள்ள போட்டால் ஆருக்கு நட்டம்?"

அலுமாரிக்குள் பட்டினி

ஒருமுறை திட்டத்துக்கு வருகிற நிதி நின்றுபோனது. மீற்றர்களை எல்லாம் இரும்பு அலுமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு எங்களை வேறு வேலைக்கு அனுப்பினார்கள். லித்தியம் பற்றறியை நெடுநாள் சும்மா வைப்பதென்றால் அரைவாசிச் சார்ஜில் வைக்க வேண்டும். இடைக்கிடை எடுத்துப் பார்த்துக் கொஞ்சம் ஊட்ட வேண்டும். வெறுமையாக விட்டால் அது தன்னைத்தானே தின்று தீர்த்துவிடும். அலுமாரித் திறப்பைத் தாருங்கள், வந்து பார்த்துவிட்டுப் போகிறேன் என்று நானும் கேட்டுக்கொண்டே இருந்தேன். மேலிடத்து அனுமதி இல்லாமல் திறக்க ஏலாது என்றார் மகேந்திரண்ணை.

நிதி திரும்ப வந்த அன்று அலுமாரி திறந்தது. ஒன்றும் எழும்பவில்லை. சார்ஜரில் கொழுவினால் அதன் வெளிச்சம் ஒருதரம் மின்னி அணைந்தது. செத்த பற்றறியை அது அடையாளம் காணவே இல்லை. திருத்துகிற பெடியன் ஒருவனைப் பிடித்து, பாதியையாவது மீட்டோம். மீண்டவையும் மத்தியானம் தாண்டாத நோயாளிகளாகத்தான் மீண்டன. மகேந்திரண்ணைக்கு உண்மையாகவே மனவருத்தம். ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்துக்கொண்டு கேட்டார்: "ஒருத்தரும் தொடாமல் இவ்வளவு பத்திரமா வைச்சிருந்தனான், பிறகும் ஏன் செத்தது?"

இறுப்பிட்டியில் குளிர்பானம்

இறுப்பிட்டியில் வெளிநாட்டிலிருந்து வந்த ஒருவர் மாடிவீடு கட்டிக்கொண்டிருந்தார். புதுக்கிணறும் தோண்டியிருந்தார். கதிரை போட்டு, குளிர்பானம் தந்து, காற்றாடியை என் பக்கம் திருப்பிவிட்டார். இப்படி உபசாரம் நடந்தால் காரணம் எனக்குத் தெரியும். நல்ல தண்ணீர் என்று என் வாயால் கேட்கத்தான் இவ்வளவும்.

இலக்கம் ஏறி நின்றது. குடிக்க ஏலாத உப்பு. சொன்னேன். அவர் மீற்றரைத் தன் கையில் வாங்கி, திரையின் மூலையில் இருந்த பற்றறிக் கோடுகளை விரலால் தட்டிப் பார்த்தார். சார்ஜ் நிறைய இருந்தது. பிறகு குரலைத் தாழ்த்தி, சகோதரியிடம் கேட்கிற மாதிரிக் கேட்டார்: "தங்கச்சி, பற்றறியைக் கொஞ்சம் இறக்கிப்போட்டு அளந்தால் உப்பும் இறங்காதோ?"

நெடுந்தீவில் ஒற்றைக் கோடு

இனிச் சொல்லப்போவதில் சிரிக்க ஒன்றும் இல்லை. நெடுந்தீவில் எந்த ஒழுங்கைகளுக்கு, எந்தச் சின்னத் தெருக்களுக்குக் குடிதண்ணீர்க் குழாய் வைப்பது என்று முடிவுசெய்யக் கிணறுகளை அளந்தோம். உப்புக் கூடின இடத்துக்கு முதல் இடம். நல்ல விதிதான். அளவையின் கடைசி நாள் காலை, புதிதாக வாங்கின ஒரேயொரு நல்ல மீற்றரைச் சேர் எடுத்துக்கொண்டார். கொழும்பிலிருந்து விருந்தினர் வருகிறார்கள், மேசையில் வைத்துக் காட்ட வேண்டுமாம். எனக்குத் தந்தது அலுமாரியில் கிடந்து மீண்ட ஒன்று. இது பின்னேரம் வரை நிற்காது, மேற்குப் பக்கத்தில் இருந்து தொடங்குகிறேன், அங்கேதான் உப்பு மோசம் என்றேன். இறங்குதுறைப் பக்கம் இருந்தே வரிசையாகச் செய்யும் என்றார்.

மேற்கே எமிலியாக்காவின் ஒழுங்கைக்குப் போய்ச் சேரும்போது திரையில் ஒற்றைக் கோடு. எமிலியாக்கா மாடு வளர்க்கிறவ. புருசன் கடலுக்குப் போகிறவர். அயலில் எல்லாருக்கும் சொல்லி வைத்திருந்தா. பெண்கள் வாளிகளை விளக்கி, தண்ணீர் அள்ளி வைத்துக்கொண்டு, பரிசளிப்புக்கு நிற்கிற மாதிரி வேலியோரம் நின்றார்கள். எமிலியாக்காவின் வாளிக்குள் முனையை விட்டேன். இலக்கம் ஏறியது. ஏறிக்கொண்டே போனது. எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். நிற்பதற்கு முன்னம் திரை கறுத்துவிட்டது.

என் கைப்பையில் போன் சார்ஜ் பண்ணுகிற சின்னப் பற்றறிப் பெட்டி இருந்தது. கொழுவினேன். மீற்றரின் சார்ஜ் துவாரம் உப்புக்காற்றில் பச்சைக் களிம்பு பிடித்திருந்தது. ஈர்க்கால் சுரண்டி, சட்டைத் துணியால் துடைத்துத் திரும்பக் கொழுவினேன். மின்சாரம் ஏறவில்லை. படகுக்கு நேரமாகிவிட்டது என்று ஓட்டோக்காரர் ஹோர்ன் அடித்தார். எனக்கு நிமிர்ந்து பார்க்க வெட்கமாக இருந்தது. எமிலியாக்கா கோபிக்கவில்லை. கறுத்த திரையைப் பார்த்துக்கொண்டு கேட்டா: "மேல போய்க்கொண்டெல்லோ இருந்தது பிள்ளை, அது எங்க போய் நிண்டிருக்கும்?"

போத்தில் தண்ணீர்

வெறுங்கையோடு படகேற மனம் வரவில்லை. வீட்டுக்கு ஒரு போத்தில் கிணற்றுத் தண்ணீர் வாங்கி, ஒவ்வொன்றிலும் பெயர் எழுதி, எல்லாவற்றையும் உரப்பையில் போட்டு மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். விருந்தினர் போனபிறகு நல்ல மீற்றரை மேசையில் இருந்து எடுத்து அளந்தேன். எல்லாப் போத்திலும் எல்லை தாண்டிய உப்பு. எமிலியாக்காவின் தண்ணீர் எல்லாவற்றிலும் மோசம்.

சேர் கெட்ட மனுசன் இல்லை. மேலே இருந்து ஒரு கேள்வி வந்தால் நித்திரை இல்லாமல் போகிறவர். கிணற்றடியில் நின்று அளந்த அளவுதான் செல்லும் என்று விதி என்றார். நாளைக்கே போய் அளக்கிறேன், விடுமுறை போட்டு என் பாட்டில் போகிறேன் என்றேன். அளவை முடிந்துவிட்டது என்றார். தண்ணீர் ஒன்றுதானே சேர் என்று நான் சத்தம் போட்டதும், பக்கத்து அறையில் தட்டச்சுச் சத்தம் நின்றது. அவர் போத்தில்களைப் பார்க்காமல், யன்னலைப் பார்த்துச் சொன்னார்: "கிணத்தடியில அளக்காத தண்ணியைக் கிணத்துத் தண்ணி எண்டு நான் எப்பிடி எழுதிறது?"

தேத்தண்ணீர்

குழாய்கள் வந்தன. இறங்குதுறைப் பக்கம் வந்தன. உப்புக் குறைந்த ஒழுங்கைகளுக்கும் வந்தன. எமிலியாக்காவின் ஒழுங்கைக்கு வரவில்லை. அளவு இல்லாத இடம் என்பது எப்படியோ பிரச்சினை இல்லாத இடமாக மாறிவிட்டிருந்தது. அடுத்த கட்டத்தில் பார்ப்போம் என்றார்கள். அடுத்த கட்டத்தை நான் இன்னும் காணவில்லை.

வேறு வேலையாக நெடுந்தீவுக்குப் போனபோது ஒளித்துப் போக மனம் விடவில்லை, அவவின் படலையைத் திறந்தேன். சைக்கிளில் தண்ணீர்க் கான்களைக் கட்டி உருட்டிக்கொண்டு அப்போதுதான் வந்தா. வேறு ஒழுங்கைக் குழாயடியில் அந்த ஆட்கள் பிடித்து முடியும்வரை இவவைக் காக்கவைப்பார்களாம். பிள்ளைப்பேற்றுக்குத் தாய்வீடு வந்திருந்த மகள், கிணற்றுத் தண்ணீரில் குளிப்பாட்டிக் குழந்தைக்கு உடம்பெல்லாம் கொப்பளித்ததால் ஊர்காவற்றுறைக்கே திரும்பிப் போய்விட்டாளாம்.

பிறகு தேத்தண்ணீர் வைத்துத் தந்தா. கொண்டுவந்த தண்ணீரில் இல்லை, கிணற்றுத் தண்ணீரில். வேண்டுமென்றுதான் செய்தா என்று நினைக்கிறேன். வீட்டில் கறந்த நல்ல பால், அந்த உப்பில் திரைந்து கோப்பையில் கட்டிகட்டியாக மிதந்தது. என்ன செய்கிறேன் என்று தெரியாமலே பைக்குள் கையை விட்டு மீற்றரை எடுத்தேன். அன்றைக்கு அதில் முழுச் சார்ஜ் இருந்தது. எமிலியாக்கா என் மணிக்கட்டைப் பிடித்தா: "அதை உள்ள வையும் பிள்ளை. வாயில விட்டுப் பாரும், அதுக்குப் பற்றறி இறங்காது."

எங்கள் அலுவலகத்தில் இப்போது எனக்குப் 'பற்றறி விசர்', பற்றறிப் பைத்தியம் என்று பட்டம், ஆனால் விருந்தினர் வருகிற நாளில் முழுச் சார்ஜோடு ஒரு மீற்றர் தேவைப்பட்டால் எல்லாரும் முதலில் தேடி வருவது இந்த விசரியின் மேசைக்குத்தான்.