இரவல் நர்ஸ்கள்

குன்வோர் எதையும் சுலபத்தில் மறக்கிறவள் அல்ல. வடக்கு ஸ்வீடனில் அவள் வேலை பார்க்கும் மருத்துவமனையில் தீவிர சிகிச்சைப் பிரிவுகள் இரண்டு. மேல்தளத்துப் பிரிவில் அவளுக்கு இருபத்திரண்டு வருடம். அதில் கடைசி ஒன்பது வருடம் தலைமை நர்ஸ். கீழ்த்தளத்துக்குத் தலைமை ராக்ன்ஹில்ட்.

ஒரு வெள்ளிக்கிழமை, காபி நேரத்தில், நிர்வாகி தோர்பியோர்ன் திரையில் ஒரு கணக்கைக் காட்டினார். ஒரு நோயாளியை ஒரு நாள் பார்த்துக்கொள்ள, கீழ்த்தளத்தைவிட மேல்தளத்தில் ஒன்றரை மடங்கு செலவாம். ராக்ன்ஹில்டுக்குப் பாதாம் விழுது போர்த்திய பச்சை மார்சிபன் கேக் பரிசு. செலவைக் குறைக்க, மேல்தளத்து நர்ஸ்கள் லிவ், யோர்டிஸ் இருவருக்கும் கோடையோடு வேலை போகும்.

"உன் ஆளுங்க உக்காந்து ஸ்வெட்டர் பின்றாங்களா என்ன?" என்றாள் ராக்ன்ஹில்ட், கேக்கை வெட்டியபடியே. எல்லோரும் சிரித்தார்கள்.

குன்வோர் கேக்கைத் தொடவில்லை. செயற்கைச் சுவாசம் வேண்டிய நோயாளிகளையெல்லாம் கீழ்த்தளம் மேலே தள்ளிவிடும். அவர்களுக்கு ஆளுக்கு ஒரு நர்ஸ் வேண்டும். கீழே இரண்டு பேருக்கு ஒருத்தி போதும். செலவு கூடாமல் என்ன செய்யும்? அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். வாரக்கடைசியில் ராக்ன்ஹில்ட் போன் செய்வாள், குன்வோர் மறுபேச்சில்லாமல் இரண்டு பேரை இரவல் அனுப்புவாள். வேலை கீழே, சம்பளம் மேல்தளத்துக் கணக்கில். மூன்று வருடமாக எல்லாம் வாய்வார்த்தைதான். பெரும்பாலும் போனவர்கள் லிவ்வும் யோர்டிஸும்.

மறுநாள் போன் வந்தது.

"ரெண்டு பேரை அனுப்பு, குன்வோர்."

"எழுதிக் குடு. எத்தனை மணி நேரம், சம்பளம் யார் கணக்கு, கீழ உன் கையெழுத்து."

"என்னடி இது புதுசா?"

"ஸ்வெட்டரைப் பாதியில வெச்சுட்டு வரணும்ல."

ராக்ன்ஹில்ட் படியேறி வந்து கையெழுத்துப் போட்டாள். நோயாளிகள் மேல் குன்வோருக்குக் கோபமில்லை. லிவ்வும் யோர்டிஸும் அந்த நிமிடமே இறங்கிப் போனார்கள். அதற்குப் பிறகு ஒவ்வொரு வாரமும் இதே கதைதான்.

மே மாதம் புதுக் கணக்கு திரைக்கு வந்தது. இரவல் நர்ஸ்களின் சம்பளமும் சேர்ந்து கீழ்த்தளத்தின் செலவு ஏறி, மேல்தளத்துக்குக் கிட்டே வந்து நின்றது.

"மிச்ச வித்தியாசம் எதனால?" என்றார் தோர்பியோர்ன்.

"கீழேர்ந்து மேல வர்ற நோயாளிங்களால," என்றாள் குன்வோர். "வேணும்னா பேர் சொல்லட்டுமா?"

வேண்டாம் என்று தலையாட்டிய தோர்பியோர்ன், லிவ், யோர்டிஸ் பெயர்களை வேலை போகிறவர்கள் பட்டியலிலிருந்து அடித்தார்.

குன்வோர் தான் கொண்டுவந்திருந்த பெட்டியைத் திறந்தாள். பச்சைக் கேக். கத்தியை ராக்ன்ஹில்ட் கையில் கொடுத்தாள்.

"வெட்டு. பெரிய துண்டு எனக்கு."

எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, ராக்ன்ஹில்ட் வெட்டினாள். தட்டை நீட்டும்போது குரலைத் தாழ்த்தி, "நாளைக்கும் ரெண்டு பேர் வேணும்," என்றாள்.

"தெரியும்." குன்வோர் படிவத்தை மேசையில் வைத்தாள். ராக்ன்ஹில்ட் குன்வோரின் பேனாவுக்குக் கை நீட்டினாள்.

"பேனா இரவல் கிடையாது. அதை நீயே கொண்டு வா," என்றபடி குன்வோர் முதல் வாய் கேக்கை நிதானமாகச் சாப்பிட்டாள்.