ஐந்து மாதக்காரியோடு பேச்சுவார்த்தை

திருப்பூரில் என் மகளின் இடுப்புத் துணிகூட வெளிநாட்டுக்குப் போகவேண்டியது. கம்பெனியில் கழித்துப் போட்ட பனியன் துண்டுகள். ஒன்றில் பாதிக் கரடி, இன்னொன்றில் புரியாத பாஷையில் பாதி வார்த்தை. நாசரேத் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த எங்களுக்கு இது இன்னமும் வேடிக்கைதான். மனைவி ஜெபாவுக்குப் பகலில் செக்கிங் வேலை, எனக்கு நிட்டிங் மெஷினில் நைட் ஷிப்ட். ஆகவே பகலெல்லாம் வீட்டில் நானும் ஐந்து மாத மெர்சியும்தான். அவள் தூங்கினால் நானும் தூங்குவேன்.

மெர்சி அழுவாள், அதைத் தவிர ஒரு சத்தம் வராது. ஜெபா பயந்துபோனாள். ஆஸ்பத்திரியில் பரிசோதித்துப் பார்த்த நர்ஸம்மா, "காது நல்லாக் கேக்குதுங்க. மூஞ்சியப் பாத்துப் பேசி வெளையாடுங்க. பேசிப்போட்டு, அது பதில் சொல்லக் கொஞ்சம் விடுங்க" என்றார். எனக்குச் சுருக்கென்றது. மெஷின் இரைச்சலில் கைஜாடையிலேயே வேலை பார்ப்பவன் நான். வீட்டிலும் வாயைத் திறப்பதில்லை. ஊரில் அக்கா பிள்ளைகளோடு பேச யாரும் யோசித்ததே இல்லை. பால்காரர் முதல் சர்ச்சில் மணியடிக்கும் கோயில்குட்டி வரை வருகிறவர்களெல்லாம் தூக்கிக் கத்திவிட்டுத்தான் போவார்கள்.

மறுநாள் காலை கரடித் துணியை முகத்தில் போட்டுக்கொண்டு, மெஷின் இரைச்சலையும் மீறிக் கேட்கிற குரலில் ஆரம்பித்தேன். "ஏட்டி! எங்கட்டி போன? வெளிய வாட்டி!"

கரண்டியோடு ஓடிவந்தார் வீட்டுக்கார அக்கா. "ஏனுங்க தம்பி, அந்தப் புள்ள வேலைக்குப் போயிருச்சு. ஆரப் போட்டு இப்படி வையறீங்க?"

துணியை விலக்கினேன். "வையலக்கா, பிள்ளையக் கொஞ்சுதேன்."

"இதுக்குப் பேரு கொஞ்சறதுங்களா?" அக்கா துணியைப் பிடுங்கித் தன் முகத்தை மூடிக்கொண்டார். "எங்கீங்க சாமி போனீங்க? கண்ணக் காணமுங்களே!" எந்த சூப்பர்வைசரும் எனக்குத் தராத மரியாதை. மெர்சி காலை உதைத்தாள். எனக்குக் கொஞ்சம் பொறாமைதான்.

அன்றிலிருந்து தினமும் போட்டி. ஒரு நாள் அக்கா பேசி முடித்துவிட்டுக் காத்திருந்தார், நானும் மூச்சுவிடவில்லை. மெர்சி அவர் வாயையே பார்த்தாள். உதடு கோணியது. "ங்... ங்கா!"

"பாத்தீங்களா, மொத வார்த்தையே 'ங்க' போட்டு வருது, எங்கூருப் பேச்சு வந்திருச்சு!" அக்கா குதித்தார். நான் "ங்கா" என்றேன். திரும்ப வந்தது "ங்கா". எனக்குக் கண் கலங்கிவிட்டது. சாயங்காலம் ஜெபா தோள்பையைக்கூட இறக்காமல் வாசலிலேயே உட்கார்ந்து "ங்கா, ங்கா" என்று அவளோடு அரட்டையடித்தாள்.

ஊரிலிருக்கும் என் அக்காளுக்கு வீடியோ கால் போட்டுச் சொன்னேன். "போலே, எல்லாப் பிள்ளையும் அப்படித்தான் சொல்லும். அதுல என்னல அவிய ஊரு?" என்று சிரித்தவள் போனுக்குள்ளிருந்து கூப்பிட்டாள்: "ஏட்டி மெர்சி!" மெர்சி திரும்பினாள். விடுவாரா வீட்டுக்கார அக்கா? "கண்ணு, இங்க பாருங்க சாமி!" அந்தப் பக்கமும் திரும்பினாள். இங்கே ஒரு சிரிப்பு, அங்கே ஒரு சிரிப்பு. இரண்டு குரலும் விடுவதாயில்லை. கடைசியில் கழுத்து ஓய்ந்துபோய், யாரையும் பார்க்காமல் என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.