மூடியில் ஒட்டிய பெயர்ச்சீட்டு

1953 மார்ச் 9, திங்கட்கிழமை. ஐந்து மணிக்கு எழுந்தேன். குளித்து, வெள்ளைப் புடவை கட்டி, இரண்டு தோசை சாப்பிட்டேன். ஆறு மணிக்கு ஊரடங்கு முடிந்ததும் மஸ்ஜித் தானா சாலைக்கு நடந்தேன். ஆறே கால் பஸ். அடையாள அட்டை கைப்பையில் இருந்தது. நாட்குறிப்பில் அன்றைய காலை இவ்வளவுதான்.

அப்போது எனக்கு இருபத்தொன்பது வயது. அப்பா ரப்பர் தோட்டத்துக் கிராணி, ஆபீஸில் கணக்கெழுதுபவர். இந்தியாவில் மருத்துவம் படித்துத் திரும்பியிருந்தேன்; அந்தப் பட்டத்தோடு இங்கே மலாயாவில் நேராக வேலைக்குச் சேர முடியவில்லை. வெட்டியெடுத்த சதையை நுண்ணோக்கியில் பார்த்து நோயைச் சொல்லும் துறையில் பயிற்சிக்கு விண்ணப்பிக்க ஆசை. அதற்கு மலாக்காவில் ஓர் ஆஸ்பத்திரி ஆய்வுக்கூடத்தில் எட்டு வாரம் பார்வையாளராக இருந்து, தலைமை டாக்டரிடம் கடிதம் வாங்க வேண்டும். அன்று ஐந்தாம் வாரம் தொடங்கியது.

தலைமை டாக்டர் யாழ்ப்பாணத்துக்காரர். முதல் நாளே சொல்லிவிட்டார்: "நீர் பாக்கலாம், தொடக்கூடாது. கேட்டாத்தான் கதைக்கலாம்." நான்கு வாரமும் வலது கையை இடது கையால் பின்னால் பிடித்துக்கொண்டே நின்றேன்.

பஸ்ஸில் எங்கள் தோட்டத்து டிரஸர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். தோட்ட ஆஸ்பத்திரியைப் பார்த்துக்கொள்பவர் அவர்தான். மடியில் கூடை, அதில் இரண்டு போத்தல்கள். இரண்டிலும் கழுத்துக் கட்டியிலிருந்து எடுத்த சதை. ஒன்று பால்மரம் வெட்டும் இளம்பெண்ணுடையது, மற்றது ஒரு கிழவருடையது. பெயர்ச்சீட்டை மூடிமேல்தான் ஒட்டுவார். பக்கத்தில் ஒட்டினால், சதை கெடாமலிருக்க ஊற்றிய மருந்து வழிந்து எழுத்து அழிந்துவிடும் என்பது அவர் வாதம்.

"என்னா டாக்டரம்மா, இன்னிக்காவது கத்திய தொட விடுவாங்களா, இல்ல பொம்ம மாதிரி நிக்கணுமா?"

"நிக்கிறதுக்கும் படிச்சிருக்கணும்ணே."

பாயா ரும்புட்டில் சோதனைச் சாவடி. காட்டில் ஒளிந்திருந்த கம்யூனிஸ்டுகளுக்குச் சாப்பாடு போகக் கூடாது என்று எல்லாரையும் இறக்கிப் பை, டின் எல்லாவற்றையும் பார்த்தார்கள். ஒரு மலாய்ப் போலீஸ்காரர் இரண்டு போத்தல்களையும் திறந்து, மூடிகளை மேசையில் வைத்துவிட்டு முகர்ந்தார். முகர்ந்த வேகத்தில் தொப்பி கீழே விழுந்தது.

"சோறு இல்ல லா, சதை! போதுமா?" என்று டிரஸர் தமிழிலேயே சிரித்தபடி சொன்னார். பஸ் ஹாரன் அடித்தது. அவசரமாக மூடி, கூடையில் வைத்தார். மணி ஆறு ஐம்பது. பஸ் கிளம்பியதும் அதைக் குறித்துக்கொண்டேன்.

ஆய்வுக்கூடத்தில் தலைமை டாக்டர் மூடியில் இருந்த பெயரைப் படித்து முதல் போத்தலைத் திறக்கப் போனார். என்னை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. நான் சொல்வது தவறாக இருந்தால் கடிதம் போச்சு. சொல்லாமல் இருந்தால் ஒருவர் நோய் இன்னொருவர் பெயரில் எழுதப்படலாம்.

"சார், நீங்க கேக்கல. ஆனா சொல்லணும்." சாவடியில் நடந்ததைச் சொன்னேன்.

"மூடி மாறினதை நீர் கண்டனீரோ?"

"இல்ல சார். ரெண்டும் ஒரே நேரத்துல திறந்து கெடந்தத பாத்தேன். ஆறு அம்பதுக்கு."

"நிமிஷக் கணக்கோ!" என்றவர் சிரிக்கவில்லை. ரசீதுக்காக வெளியே காத்திருந்த டிரஸரைக் கூப்பிட்டார்.

டிரஸருக்கு முகம் சிவந்துவிட்டது. "பதினெட்டு வருசமா போத்தல் மூடுறேன் சார். வேடிக்கை பாக்க வந்த புள்ள சொல்லி நான் கத்துக்கணுமா?"

தலைமை டாக்டர் தோட்ட ஆபீஸுக்குப் போன் போட்டார். மறுமுனையில் தோட்ட ஆஸ்பத்திரிப் புத்தகத்தை வரவழைத்துப் படித்தது என் அப்பா. போனுக்குப் பக்கத்தில் நான் நிற்பது அவருக்குத் தெரியாது. பெண்ணுக்கு ஒரு துண்டு, கிழவருக்கு இரண்டு துண்டு. எழுதியவர் டிரஸரேதான்.

பெண்ணின் பெயர் இருந்த போத்தலில் இரண்டு துண்டுகள் இருந்தன.

டிரஸர் முக்காலியில் உட்கார்ந்தார். தலைமை டாக்டர் மூடிகளை மாற்றி மூடியதும், "நல்ல வேள புள்ள" என்றார். அதற்குப் பிறகு அவர் என்னைக் கேலியாக டாக்டரம்மா என்று கூப்பிட்டதில்லை.

அந்த வாரக் கடைசியில் முடிவுகள் தெரிந்தன. கிழவருக்குப் புற்று. பெண்ணுக்குக் காசநோய், அதற்கு மருந்து இருந்தது. அடுத்த ஆண்டு அவள் பால் வாளியோடு தன் மர நிரைக்குப் போவதைக் கண்ணால் பார்த்தேன். எட்டாம் வாரம் எனக்குக் கடிதம் கிடைத்தது. மொத்தம் நான்கு வரி. மூன்றாவது வரி: 'தான் பார்த்ததை மட்டும் சொல்பவர்.' பிறகு வாங்கிய எந்தச் சான்றிதழையும் நான் சட்டம் போட்டு மாட்டவில்லை. அந்தக் கடிதத்தை மாட்டியிருக்கிறேன்.

அந்தத் திங்கட்கிழமை கிளம்பும்போது தலைமை டாக்டர் சொன்னது இது: "நாளைக்கு வரேக்க கையைப் பின்னாலை கட்டாதையும்."

மார்ச் 10, செவ்வாய். காலை எட்டு மணி. முதல் வேலையாக, கோந்துப் புட்டியைத் திறந்து, அலமாரியில் இருந்த அத்தனை போத்தல்களுக்கும் பெயரைப் புதிதாக எழுதி, மூடியில் அல்ல, போத்தலின் உடம்பிலேயே என் கையால் ஒட்டினேன்.