லாரிக்கு நான் செய்த காற்றுக்குழாய்

எங்கள் லாரி ஒரு வாரம் என்னிடம் இருக்கும், ஒரு வாரம் என் தம்பியிடம் இருக்கும். பங்குக் கிணற்றில் முறை வைத்துத் தண்ணீர் இறைப்பார்களே, அந்த ஏற்பாடுதான். நான் ராஜபாளையத்தில் இருந்தேன். அவன் பெண் எடுத்த ஊரான ஸ்ரீவில்லிபுத்தூரில் குடியிருந்தான். ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டு ஊருக்கும் நடுவே ரோட்டோரத்து டீக்கடை முன்னால் வண்டியை நிறுத்தி, சாவியைக் கடைக்காரரிடம் கொடுத்துவிட்டு பஸ் ஏறிவிட வேண்டும். பத்து மணி வாக்கில் அடுத்தவன் வந்து எடுத்துக்கொள்வான். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வேண்டியதில்லை. எங்களுக்குள் பேச்சு நின்று இரண்டு வருடம் ஆகியிருந்தது.

எண்பதுகளின் கடைசியில் ஒரு கோடையில் எங்கள் அம்மா செத்துப்போனாள். நான் பேண்டேஜ் துணி லோடு ஏற்றிக்கொண்டு மலையாளத்துப் பக்கம் போயிருந்தேன். காலையில் உயிர் போயிருக்கிறது, சாயங்காலம் எரித்துவிட்டார்கள். மறுநாள் மத்தியானம் நான் வந்து இறங்கியபோது சாம்பல்தான் இருந்தது. புனலூரில் நாங்கள் வழக்கமாக லோடு இறக்கும் ஆபீசுக்கு ஒரு போன் போட்டிருந்தால் நான் வந்து சேர்ந்திருப்பேன். அதைத் தம்பியிடம் கேட்டேன். "வெயில் காலம், எம்புட்டு நேரம் வச்சிருக்க? ஒங்கள எங்கன்னு தேட?" என்றான். அதற்குப் பிறகு நான் அவனோடு பேசவில்லை. எனக்கு அழுகை வரவில்லை. உட்கார்ந்தே இருந்த கால் மரத்துப்போவது மாதிரி உள்ளே என்னவோ மரத்துப்போயிற்று. அதைச் சரிசெய்ய வேண்டும் என்றும் தோன்றவில்லை.

லாரியை விற்று ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொள்ளுங்கள் என்று சொந்தக்காரர்கள் சொல்வார்கள். சொன்னவர்கள் மேல் எனக்கு எரிச்சலாக வரும். அவனுக்கும் அப்படித்தானாம். அந்த வண்டி ஒன்றுதான் எங்களை அண்ணன் தம்பி என்று வைத்திருந்தது. அது போனால் கல்யாணப் பத்திரிகையில் பெயர் போடுவதோடு சரி. இது எனக்கு அன்றைக்கே நன்றாகத் தெரியும். தெரியாமல் செய்தேன் என்று பின்னால் யாரும் எனக்காகப் பரிந்து பேச வேண்டாம்.

பேச்சில்லை என்றாலும் வண்டிக்கு வேண்டிய சேதி போய்க்கொண்டுதான் இருந்தது. டீக்கடைக்காரர்தான் தபால்காரர். "தம்பி சொன்னாவ, பின் வீலு காத்து நிக்க மாட்டேங்குதாம்" என்பார். "பிரேக்கு பாத்தாச்சுன்னு சொல்லிருங்க" என்பேன் நான். சாவியைக் கொடுத்ததும் அவர் வழக்கமாக "வேற எதும் சொல்லணுமா?" என்று கேட்பார். கேட்டுவிட்டு, பதில் வரும் வரைக்கும் அடுத்த டீயை ஆற்ற மாட்டார். அவ்வளவு பொறுப்பான மனிதர்.

மூன்றாவது வருடம் ஆரம்பிக்கும்போது ஏர் கிளீனரிலிருந்து இன்ஜினுக்குக் காற்றுக் கொண்டுபோகிற ரப்பர் ஓஸ் வெடித்துவிட்டது. என் வாரத்தின் நடுவில், சேத்தூர்ப் பக்கம் போய்த் திரும்பி வரும்போது பார்த்தேன். வளைகிற இடத்தில் விரல் நுழைகிற அளவுக்குக் கிழிசல். இன்ஜின் தூசி இல்லாத காற்றைத்தான் குடிக்க வேண்டும். ஏர் கிளீனருக்கு அப்புறம் ஓட்டை விழுந்தால் ரோட்டு மண் நேரே உள்ளே போகும். ராஜபாளையத்துக் கடைகளில் அந்தப் பழைய மாடலுக்கு ஓஸ் இல்லை. மதுரையில் சொல்லிவைத்தால் வர மூன்று வாரம் ஆகும் என்றார்கள். வண்டியை நிறுத்திப் போட என்னால் முடியாது. நிறுத்தினால் வீட்டில் உட்கார வேண்டும். வீட்டில் உட்கார்ந்தால் அம்மாவின் நினைப்பு வரும், அதுவும் வந்து தொலைக்காமல் வாசலிலேயே நிற்கும். ஆகவே நானே ஒரு குழாய் செய்துவிடலாம் என்று இறங்கினேன்.

பழைய இரும்புக் கடையில் பஸ்ஸிலிருந்து கழற்றிய சைலன்சர் குழாய் ஒன்று கிடந்தது. எனக்கு வேண்டிய வளைவு அதில் அப்படியே இருந்தது. அந்த வளைவை மட்டும் அறுத்து எடுத்தேன். உள்ளே அப்பியிருந்த கரியைத் தட்டி, சுரண்டி, மண்ணெண்ணெய் ஊற்றி ஒரு ராத்திரி ஊறப் போட்டேன். பிறகு ஒரு கம்பியில் பேண்டேஜ் துணியைச் சுற்றி இந்த முனையில் விட்டு அந்த முனையில் இழுத்தேன். எங்கள் ஊரில் வேறு எது இல்லாவிட்டாலும் பேண்டேஜ் துணிக்குப் பஞ்சம் கிடையாது. அடுப்படியில் கரித்துணி முதல் பிள்ளைக்குத் தொட்டில் வரை அதுதான். துணி கறுப்பாக வந்தது, பிறகு பழுப்பாக வந்தது. வெள்ளையாகப் போய் வெள்ளையாகத் திரும்பி வரும் வரைக்கும் இழுத்தேன். முக்கால் நாள் ஆனது. அந்த முக்கால் நாளும் நான் எதையும் நினைக்கவில்லை. நன்றாகத்தான் இருந்தது.

இரும்புக் குழாயை இன்ஜினோடு நேரே கோக்க முடியாது. ஓடும்போது இன்ஜின் ஆடும், குழாய் விட்டுவிடும். இரண்டு முனையிலும் ரப்பர் வேண்டும். லாரி டயரின் பழைய டியூபைப் பட்டையாக வெட்டி, இரண்டு சுற்றுக்கு நடுவே பேண்டேஜ் துணியைச் சுற்றி, பஞ்சர் ஒட்டுகிற சொல்யூஷனைத் தடவி, தடித்த உறை மாதிரி செய்தேன். வெறும் ரப்பராக இருந்தால் இன்ஜின் காற்றை இழுக்கும்போது ஒட்டிப்போய் வழி அடைத்துக்கொள்ளும். துணி கொடுத்தால் விறைப்பாக நிற்கும். இது நானே யோசித்துக் கண்டுபிடித்தது. மேலே இரும்புக் கிளிப் போட்டு இறுக்கினேன். சனிக்கிழமை சாயங்காலம் வண்டியில் மாட்டி ஓடவிட்டுக் கையை வைத்துப் பார்த்தேன். எங்கேயும் காற்றுக் கசியவில்லை.

ஆனால் ஒரு விஷயம் பாக்கி இருந்தது. புது ஒட்டு. லோடு ஏற்றி ஒரு முழு ஓட்டம் ஓடி, சூடு ஏறி ஆறினால் அந்த ரப்பர் கொஞ்சம் தளரும். அப்போது கிளிப்பை இன்னும் இரண்டு சுற்று இறுக்கியே ஆக வேண்டும். இல்லாவிட்டால் உறை நழுவி வந்துவிடும். மறுநாள் ஞாயிறு. டீக்கடை வரை நான் வெறும் வண்டியை ஓட்டுகிற தூரத்தில் அந்தச் சூடு ஏறாது. முதல் லோடு தம்பியுடையது. கிளிப்பை இறுக்க வேண்டியவனும் அவன்தான். அவனிடம் அதைச் சொல்லிவிட வேண்டும். பஸ் ஸ்டாண்டில் வழி கேட்கிற அளவுக்கு வேலை, அவ்வளவுதான்.

டீக்கடையில் சாவியைக் கொடுத்தேன். கடைக்காரருக்குச் சிரிப்பு பொங்கிக்கொண்டு வந்தது. "நேத்து தம்பி இங்க வந்தாவ. நீங்க குழாய் செய்யுத கத அவிய காதுக்கும் எட்டிருக்கு. 'சைலன்சர் பைப்பக் கொண்டு போயி வண்டிக்கு மூக்குல மாட்டுதாரா எங்கண்ணன்?'னு கேட்டாவ பாருங்க, கடையில இருந்த அம்புட்டுப் பேரும் சிரிச்சிட்டோம்" என்றார். நல்ல கேலிதான். வேறு யாராவது சொல்லியிருந்தால் நானும் சிரித்திருப்பேன். எனக்குப் பொசுக்கென்று கோபம் ஏறிவிட்டது. ஏறியதும் உடனே அணைந்தும் போயிற்று. அணைந்த இடத்தில் ஒன்றுமே இல்லை.

"வேற எதும் சொல்லணுமா?" என்றார், டீயை ஆற்றாமல்.

"ஒண்ணும் இல்ல" என்றேன்.

மறந்துவிட்டேன் என்று எழுத ஆசைதான். மறக்கவில்லை. பஸ்ஸில் உட்கார்ந்த பிறகும் ஞாபகம் இருந்தது. இறங்கித் திரும்பி நடந்தால் கால் மணி நேரம். எல்லாம் தெரிந்தவன்தானே, அவனே பார்த்துக்கொள்ளட்டும் என்று இருந்துவிட்டேன். அன்றைக்கு மத்தியானம் நன்றாகத் தூங்கவும் செய்தேன்.

அந்த வாரம் தம்பிக்குச் சுந்தரபாண்டியம் பக்கம் செங்கல் லோடு. வண்டிப் பாதை முழுக்கப் புழுதி. ஒரு வாரம் கழித்து நான் சாவியை வாங்கி வண்டியைக் கிளப்பியபோதே இன்ஜின் சத்தம் வேறாக இருந்தது. பின்னால் நீலப் புகை ரோட்டை மறைத்தது. மேடு கண்டால் இழுக்கவில்லை. இறங்கி அடியில் பார்த்தேன். இன்ஜின் பக்கத்து உறை கிளிப்போடு நழுவித் தனியாகத் தொங்கியது. என் கைவேலை எங்கேயும் கிழியவில்லை. குழாய் குழாயாகவே இருந்தது.

ராஜபாளையத்தில் மெக்கானிக் இன்ஜினைப் பிரித்தார். பிஸ்டன் ஓடுகிற லைனரில் விரலை ஓட்டி என்னிடம் நீட்டினார். "மண்ணத் தின்னிருக்கு அண்ணாச்சி. ரிங்கு, பிஸ்டன், லைனரு எல்லாம் போச்சு. பொறவு கிராங்கையும் பாக்கணும்" என்றார். நான் தலையாட்டினேன். எங்கள் இருவர் கைக்கும் எட்டுகிற செலவு இல்லை. நின்ற நிலையிலேயே வண்டியை வந்த விலைக்குத் தள்ளிவிட வேண்டியதுதான் என்று அவரே சொன்னார். எனக்கு வருத்தம் வரவில்லை. வரும் என்று கொஞ்ச நேரம் காத்திருந்து பார்த்தேன்.

மூன்றாம் நாள் மத்தியானம் என் வீட்டு வாசலில் தம்பி நின்றான். இரண்டு வருடத்துக்குப் பிறகு. முன் மண்டையில் முடி கொட்டியிருந்தது. நடந்தே வந்தவன் மாதிரி வேர்த்திருந்தான். என் மனைவி "வாங்க" என்று சொல்லிவிட்டு, என்னைப் பார்க்காமல் அடுப்படிக்குள் போனாள்.

"அண்ணே, செவ்வாக்கெழமயே சத்தம் மாறிருச்சு. எனக்கு நல்லாக் கேட்டுச்சு. கையால செஞ்ச குழா, சத்தம் இப்பிடித்தான் இருக்கும்போலன்னு நெனச்சேன். டீக்கடையில சொல்லிக் கேட்டிருக்கலாம். மூக்குன்னு நக்கலடிச்சவன் எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுக் கேக்கன்னு விட்டுட்டேன். எறங்கிக் குனிஞ்சு பாக்கல. எம்மேலதாண்ணே தப்பு" என்றான். பிறகு சட்டென்று உடைந்துபோய், "அம்மா செத்தப்பவும் நான் ஒங்களுக்குச் சொல்லி விட்டிருக்கணும். கை கால் ஓடல எனக்கு" என்றான். பெரிய ஆள், விசும்பி விசும்பி அழுதான்.

சொல்ல வேண்டிய வார்த்தை என் வாயில்தான் இருந்தது. கிளிப், இரண்டு சுற்று, நான் சொல்லவில்லை. இவ்வளவுதான். சொன்னால் அவன் வந்த வழியே திரும்பிப் போய்விடுவான் என்று பயமாக இருந்தது. அத்தனை நாளில் நான் உணர்ந்த முதல் உணர்ச்சி அந்தப் பயம்தான்.

"சரி விடு. சாப்பிடுதியா?" என்றேன்.

சாப்பிட்டான். லாரியை அந்த மாதமே கொடுத்துவிட்டோம். அவன் ஸ்ரீவில்லிபுத்தூரில் வேறொருவர் வண்டிக்கு டிரைவராகப் போனான், நான் ஒரு மில் வேனுக்குப் போனேன். வாரம் தவறாமல் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போய்வர ஆரம்பித்தோம். இன்றைக்கு வரை ஒரு மனத்தாங்கல் இல்லை. சொந்தக்காரர்கள் எங்களைக் காட்டித் தங்கள் பிள்ளைகளுக்குப் புத்தி சொல்கிறார்கள்.

தொண்ணூறுகளில் அவன் மூத்த மகள் கல்யாணம் நடந்தது. பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, எதிரே பந்தி விசாரித்துக்கொண்டிருந்த புது மாப்பிள்ளையின் தகப்பனாரை நிறுத்தி வைத்துச் சொன்னான். "சம்பந்தி, நான் ஒரு லாரியவே கொன்னுட்டு வந்து நின்னேன். எங்கண்ணன் என்னய ஒரு வார்த்த ஏசல. என்னன்னும் கேக்கல. சோத்தப் போட்டாவ. இப்பிடி ஒரு மனுசன எங்கயாச்சும் பாத்திருக்கீயளா?" அவன் கண் நிறைந்திருந்தது. அவர் என்னைப் பார்த்து இரண்டு கையையும் கூப்பிவிட்டார்.

நான் பதிலுக்குக் கும்பிட்டேன். பிறகு இலையைப் பார்த்துக்கொண்டு, ரசம் ஊற்றச் சொன்னேன்.