மூன்றாவது ஆள் இல்லாத ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமை காலைகளில் மகள் எங்கள் இருவரையும் ஒரே குரூப் காலில் இழுத்துப் போடுவாள். அவள் வெளிநாட்டில் அணுக்களைக் கடுங்குளிரில் வைத்து ஆராய்கிறாள். மனைவி திட்டக்குடியில் டீச்சர். பள்ளிக்குப் பக்கத்தில் வீடெடுத்துப் போனவள், முதலில் வாரக் கடைசியில் பஸ்ஸேறி வந்தாள், பிறகு பண்டிகைக்கு, பிறகு அதற்கும் இல்லை. சண்டை என்று சொல்ல ஒன்றுமில்லை. நான் விருத்தாசலத்தில், வேலை பார்க்கும் பீங்கான் பட்டறைக்குப் பின்னால், வெள்ளைத் தூள் படிந்த ஜன்னலோடு இருக்கிறேன்.

மூவரும் லைனில்தான் இருப்போம். ஆனாலும்,

“உங்கப்பா மாத்திர போட்டாரான்னு கேளு.”

“அவரு லைன்லதாம்மா இருக்காரு. நீயே கேளேன்.”

“போட்டாச்சுன்னு சொல்லு,” என்பேன் நான்.

“நான் என்ன போஸ்ட்மேனா?”

சிரித்துவிட்டு மகள் லைனைவிட்டு விலகுவாள். அடுத்த நொடி நாங்கள் முந்திக்கொண்டு வைத்துவிடுவோம்.

ஒருமுறை மனைவி இணைவதற்குள் மகளிடம் அவள் வேலையைப் பற்றிக் கேட்டேன்.

“ரெண்டு அணு ஒட்டாதுப்பா. மூணாவதா ஒண்ணு வந்தா மூணும் சேர்ந்துக்கும். எந்த ஒண்ண எடுத்தாலும் மத்த ரெண்டும் தனித்தனியா போயிடும்.”

“எந்த அணு?”

“எதுவா இருந்தாலும் இதே கததான். அவ்ளோ குளிருல யாரு என்னங்கறது பெருசா இல்ல.”

அந்த வாரம் முழுக்க அது எனக்குள் அலைந்தது. பட்டறையில் கிளேஸில், அதுதான் சூட்டில் உருகிப் பளபளப்பாகும் பூச்சில், தோய்த்த கப்புகளைச் சூளைக்குள் விரற்கடை இடம்விட்டு அடுக்கிக்கொண்டிருந்தார்கள். தொட்டுக்கொண்டால் சூட்டில் ஒட்டிவிடும், பிறகு உடைத்தால்தான் பிரியும். இங்கே ஒட்டாமலிருக்க இத்தனை பாடு. எல்லாருக்கும் இதே கதை என்பது ஆறுதலாக இருந்திருக்கலாம். இல்லை.

பிறகொரு ஞாயிறும் மனைவி இணைவதற்குள் மகள் சொன்னாள்: “அடுத்த மாசம் பூரா லேப்லயே கெடப்பேன்ப்பா. கூப்புட முடியாது.”

“அப்ப நாங்களும் உன் அணு மாதிரிதான். ஆளுக்கொரு பக்கம்.”



“நீங்க பாதிதான் கேட்டிருக்கீங்க. சும்மா ஏதோ ரெண்ட கொண்டாந்து வெச்சா, மூணாவது வந்தாலும் இப்படிச் சேராது. ரெண்டும் ஒட்டறதுக்கு மயிரிழதான் பாக்கின்னு இருக்கணும். அப்பதான்.”

அவள் அழைக்காத முதல் ஞாயிறு. சூளை அணைந்து கிடந்தது. போனை எடுத்தேன், வைத்தேன், ஜன்னலைத் துடைத்தேன். வழக்கமான நேரம் தாண்டியபின் திட்டக்குடிக்கு நானே அழைத்தேன்.

“பாப்பா லைன்ல இல்லியா?”

“இல்ல. நான் மட்டுந்தான்.”

அந்தப் பக்கம் குக்கர் விசிலடித்தது. அவள் வைத்துவிடுவாள் என்று நான் காத்திருந்தேன். அவளும் அப்படித்தான் காத்திருந்தாளோ என்னவோ.

“உங்கப்பா...” என்று பழக்கத்தில் தொடங்கி நிறுத்திக்கொண்டாள். பிறகு, “மாத்திர போட்டீங்களா?”

போட்டிருந்தேன். “இன்னும் இல்ல,” என்றேன்.

“போய்ப் போட்டுட்டு வாங்க. லைன்லயே இருக்கேன்.”

போனை மேசைமேல் வைத்துவிட்டுச் சமையற்கட்டுக்குப் போனேன். டம்ளரில் தண்ணீர் மொண்டு, வெறும் தண்ணீரை, மெதுவாகக் குடித்தேன்.