ஊசி தட்டும் சத்தம்

லிஃப்ட் மெக்கானிக்குக் காது கொஞ்சம் கூர்மை. ஓடுகிற லிஃப்டுக்குள் கண்ணை மூடிக்கொண்டு நின்றால், கதவின் சக்கரங்களில் எது தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவான். வீட்டில் மட்டும் மனைவி மூன்று தடவை கூப்பிட்டாலும் அந்தக் காதில் விழாது. ஹெட்போன் அடைத்துக்கொண்டிருக்கும்.

அதில் ஓடுவது மினிமல் டெக் ஹவுஸ் என்கிற எலெக்ட்ரானிக் நடன இசை. பெயர்தான் நீளமே தவிர உள்ளே சரக்கு கொஞ்சம்தான். சீராக விழும் ஒரு அடி, அதற்குக் கீழே கனமாக உருண்டுகொண்டிருக்கும் பேஸ் ஒலி, மேலே பொடியாக ஒன்றிரண்டு தட்டல்கள். பல்லவி கிடையாது, அழுது வடியும் வயலின் கிடையாது. மூன்றாவது நிமிடத்தில் ஒரு புதுத் தட்டல் வந்து சேரும். ஆறாவது நிமிடத்தில் சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிப் போய்விடும். அந்த ஒரு தட்டலுக்காக மனுஷன் உயிரை விடுவான். இருபது வருடமாக லிஃப்ட் கூண்டின் மேல் குந்தியிருந்து மோட்டாரைக் கேட்டவனுக்கு, ஒன்றும் நடக்காதது போல் இருக்கும் சத்தத்துக்குள் எவ்வளவு நடக்கிறது என்று தெரியும். நான்கு வருடமாகத் தானே அப்படிப்பட்ட பாட்டுகளைச் செய்யவும் ஆரம்பித்திருந்தான்.

மனைவி தையல்காரி. முன்னறையில் அவளுடைய மெஷின், பின்னறையில் இவனுடைய லேப்டாப். புதிதாக ஒன்று செய்துவிட்டால் முதலில் அவளிடம்தான் ஓடுவான். அரை நிமிடம் கேட்பாள். பிறகு, "பாட்டு எப்பங்க ஆரம்பிக்கும்?" என்பாள்.

"ஆரம்பிச்சிருச்சும்மா."

"அப்படியா?" என்று ஹெட்போனைக் கழற்றிக் கொடுத்துவிட்டு மெஷினுக்குப் போய்விடுவாள். கேலியாகச் சொன்னால்கூடப் பரவாயில்லை, அவள் உண்மையாகவே கேட்டாள். அதுதான் அவனுக்கு வலித்தது. ஒன்றையாவது கடைசி வரை அவள் கேட்டுவிட மாட்டாளா என்று ஏங்கினான்.

வாய்ப்பைக் கொடுத்தவன் அவளுடைய தம்பி. காபிக் கடை வைத்திருந்தான். ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒரு மணி நேரம் வந்து வாசித்துக்கொள்ளச் சொன்னான்.

"ஆனா மாமா, ஜனங்க எந்திரிச்சுப் போனா நான் வேற பாட்டப் போட்டுருவேன். கோவிச்சுக்கக் கூடாது. அக்காவையும் கூட்டிட்டு வாங்க."

அக்கா வருவாள் என்பதற்காகவே ஒப்புக்கொண்டான். தம்பி கடையில் உட்கார்ந்துவிட்டு அரை நிமிடத்தில் எழுந்துபோக முடியாதல்லவா? கடைசிப் பாட்டை அவளுக்கென்றே செய்திருந்தான். போன வருடம் ஒரு நாள் அவள் தைத்துக்கொண்டிருந்தபோது, அவளுக்குத் தெரியாமல் மெஷினுக்கு அடியில் போனை வைத்து ஒலியைப் பதிவு செய்திருந்தான். அதிலிருந்து ஒரு சின்ன ‘டிக்’கை வெட்டி எடுத்து, மாதக்கணக்கில் தேய்த்து மெருகேற்றி, பாட்டின் நடுவில் உட்கார வைத்திருந்தான். அவளிடம் மூச்சு விடவில்லை.

கடையில் பாத்திரம் கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில் மேஜை கொடுத்தார்கள். லேப்டாப்பையும், சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் குமிழ்கள் வைத்த மிக்ஸரையும் அதில் வைத்து ஆரம்பித்தான். நாற்பது நிமிடம் போனது. நண்பரோடு பேசிக்கொண்டிருந்த மூக்குக்கண்ணாடிக்காரர் ஒருவர் எழுந்து வந்து, "டெஸ்டிங் முடிஞ்சதும் சொல்லுங்க சார்" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். மைத்துனன் கல்லாவிலிருந்து உதட்டைப் பிதுக்கினான். மனைவி போனில் யாருடைய ரவிக்கை டிசைனையோ பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த மனுஷன் கண்ணை லேப்டாப்புக்குத் திருப்பினான். போனால் போகிறது என்று கடைசிப் பாட்டைப் போட்டான்.

ஐந்தாவது நிமிடத்தில் ‘டிக்’ வந்தது. அவள் போனைக் கவிழ்த்து வைத்தாள். நெற்றியைச் சுருக்கினாள். எழுந்து நேராக அவனிடம் வந்தாள்.

"இது என் மெஷின்தானே?"

சந்தோஷத்தில் தலையை மட்டும் ஆட்டினான்.

"ஊசி வளைஞ்சு தகட்டுல தட்டுதுங்க. அது ரிப்பேரு. அன்னிக்கே நான் வேற ஊசி மாத்திட்டேன்."

அவனுக்கு முகம் செத்துவிட்டது. ஊரில் உள்ள லிஃப்டுகளுக்கெல்லாம் கோளாறு சொல்பவன், தன் வீட்டுக் கோளாறை மாதக்கணக்கில் பாலிஷ் போட்டிருக்கிறான். குமிழைத் திருகி அந்தச் சத்தத்தைப் பூஜ்யத்துக்கு இறக்கினான்.

அடி விழுந்துகொண்டிருந்தது. பேஸ் உருண்டுகொண்டிருந்தது. மற்றதெல்லாம் அப்படியேதான் இருந்தது. ஆனால் மூக்குக்கண்ணாடிக்காரர் பேச்சை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார். மேஜைக்கு அடியில் அவருடைய கால் ஆடிக்கொண்டிருந்ததே அது நின்றபோதுதான் தெரிந்தது. மனைவி தலையைச் சாய்த்துக்கொண்டு நின்றாள்.

"ஏன் எடுத்தீங்க?"

"நீதானே ரிப்பேர்னு சொன்னே."

"ரிப்பேர்தான். அதுக்காக எடுக்கணுமா? மொட்டையா இருக்கு. திரும்பப் போடுங்க."

போட்டான். மூக்குக்கண்ணாடிக்காரரின் கால் மறுபடி ஆட ஆரம்பித்தது. அவரோ அதைக் கவனிக்காமல் விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்ந்தார். மனைவி இடத்துக்குத் திரும்பவில்லை. தொட்டியின் ஓரத்தில் சாய்ந்துகொண்டாள். திரும்பிப் பார்த்தால் போய்விடுவாளோ என்ற பயத்தில் அவன் குமிழ்களையே பார்த்துக்கொண்டிருந்தான். பதினோராவது நிமிடத்தில் ‘டிக்’ கிளம்பிப் போனது. பேஸ் போனது. கடைசியில் அடியும் நின்றது.

"முடிஞ்சிருச்சா?" என்றாள்.

"முடிஞ்சிருச்சு."

"அதுக்குள்ளயா?"